கை நனைக்காத பகல்

எங்கள் வீடுகளில் பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கேசரி, பஜ்ஜி, காபி கொடுப்போம். இவை எந்தக் கணக்கிலும் வராது. சோறு வேறு. சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டார் பையன் வீட்டில் சோறு சாப்பிட மாட்டார்கள். சாப்பிட்டால் சம்மதம் என்று பொருள். இதற்குக் கை நனைப்பது என்று பெயர். "அவங்க வூட்ல கை நனச்சிட்டாங்களாம்" என்று ஆரணியில் யாராவது சொன்னால், அதற்கு மேல் கேட்பதற்கு எந்த மண்டபம் என்பதைத் தவிர வேறொன்றும் இருக்காது.

ஆகவே, என்னைப் பார்த்துவிட்டுப் போன பையனின் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டு, "ஞாயித்துக்கெழம எல்லாரும் கெளம்பி வாங்க. பகலெல்லாம் கடக்கரைல இருந்துட்டு, சாயங்காலம் மீன் கொழம்பு சாப்ட்டுட்டுப் போவலாம்" என்று சொன்னபோது, அப்பா ரிசீவரைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தபடி அம்மாவைப் பார்த்தார். பிறகு, "கடக்கரைக்கு வர்றோங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

"மீனுக்கு இன்னா சொன்னீங்க?" என்றார் அம்மா.

"மீனுக்கு ஒண்ணும் சொல்லல."

இது இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளில் நடந்தது. என் வயதைச் சொல்லும்போது அம்மா ஒன்றைக் குறைத்துச் சொல்லத் தொடங்கியிருந்த காலம். அப்பாவுக்குப் பட்டுச் சேலை வியாபாரம். நான் சேலைக் கரைக்கும் முந்தானைக்கும் கட்டம் போட்ட தாளில் டிசைன் வரைந்துகொண்டிருந்தேன். ஒரு கட்டத்தைத் தவறாக நிரப்பினால் மயிலின் மூக்கு கோணிப்போகும். அந்த மூக்கு சேலை முழுக்க, கரை நெடுக, கோணலாகவே வந்துகொண்டிருக்கும். அதனால் எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் கையை விட்டு அனுப்ப மாட்டேன். இந்தப் பழக்கம் வேலைக்கு நல்லது. கல்யாணத்துக்கு அவ்வளவு நல்லதல்ல என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார்.

பையன் வீட்டார் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று பையன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சுவரில் ஒட்டியிருந்த கட்டத்தாள்களைப் பார்த்தார். என் மேஜையைப் பார்த்தார். "அந்தாளு வாயத் தொறந்தது மொளகா பஜ்ஜிக்கு மட்டுந்தான்" என்றான் அண்ணன். சில நாளில் அவருடைய அம்மாவிடமிருந்து சம்மதம் வந்தது. அவரிடமிருந்து எதுவும் வரவில்லை.

எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டியிருந்தது. சம்மதம் அவருடையதா, அவர் அம்மாவுடையதா? என் பெரியப்பா மகளிடம் அவள் வீட்டுக்காரர் கல்யாணமான முதல் வாரத்திலேயே, "எங்கம்மா சொன்னாங்கன்னு கட்டிக்கினேன்" என்று சொல்லியிருந்தார். அவள் ஒரு வருடம் அந்த வாக்கியத்தோடு குடும்பம் நடத்திப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். அந்த வாக்கியத்தைக் கல்யாணத்துக்கு முன்பே கேட்டுவிட்டால் நல்லது என்று எனக்குத் தோன்றியது.

சனிக்கிழமை அப்பா என்னைக் கூப்பிட்டார். "உனக்குச் சரின்னா கை நனைப்போம். இல்லன்னா வெளக்கு வெக்கறதுக்கு முன்னாடி வண்டி ஏறிடலாம். அங்க வந்து என் மூஞ்சப் பாத்துகினு நிக்காத. நீதான் சொல்லணும்."

செய்யாறு, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் என்று வாடகை வேன் போயிற்று. அம்மா மதியத்துக்கென்று புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டியிருந்தார். பையன் வீட்டில் சாப்பிடக் கூடாது. அவர்கள் ஊரில் ஓட்டல் இருக்குமா என்பதும் தெரியாது. ஆனால் காஞ்சிபுரம் தாண்டியதும் அண்ணன் தூக்கைத் திறந்தான். வாசனை வந்ததும் ஓட்டுநர் வண்டியை ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டினார். செங்கல்பட்டு வருவதற்குள் தயிர்ச்சோறும் இல்லை. அம்மா காலித் தூக்கைப் பார்த்துக்கொண்டே, "மத்தியானத்துக்கு இன்னாடா பண்ணுவ?" என்று கேட்டார்.

"அதான் பாப்பா முடிவு பண்ணுமே" என்றான் அண்ணன், என்னைக் காட்டி.

வழி முழுக்க நான் கேள்வியைத் திருத்திக்கொண்டே இருந்தேன். முதலில் நீளமாக இருந்தது. திருக்கழுக்குன்றத்தில் சுருக்கினேன். கடல் காற்று முகத்தில் அடித்தபோது அது ஒரே வரியாகியிருந்தது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, மீனவர் குப்பத்தை ஒட்டிய ஒரு சிறிய ஊர். பையனின் அப்பா உப்பளத்தில் கணக்கு எழுத வந்து அங்கேயே தங்கிவிட்டவர். இறந்து சில வருடங்களாகியிருந்தன. மகன் அங்கேயே ஓர் ஐஸ் ஃபேக்டரியில் கணக்கு பார்த்தார். வீடு சின்னது. ஜன்னல் கம்பிகளை உப்புக்காற்று அரித்திருந்தது. வாசலில் கிடந்த செருப்புகளில் ஒன்றுகூட அதன் ஜோடியின் பக்கத்தில் இல்லை. நான் என் செருப்பைக் கழற்றி, சுவரோரமாக, நேராக வைத்தேன்.

அவருடைய அம்மா காபி டம்ளர்களோடு வந்தார். காபியையும் கணக்கில் சேர்த்துவிடுவார்களோ என்று அப்பா, "இப்பத்தான் வழியில குடிச்சோம்" என்றார். அந்த அம்மா சிரித்துவிட்டார்.

"நானும் உங்க பக்கம் வெம்பாக்கத்துப் பொண்ணுதாண்ணா. எனக்குத் தெரியாதா? காபிக்கு இன்னா, வெறும் காபி. சரி, தண்ணியாவது குடிங்க. தண்ணிக்குக் கணக்கு இல்ல."

எல்லாரும் தண்ணீர் குடித்தோம். அவரை என்னவென்று கூப்பிடுவதென்று எனக்குத் தெரியவில்லை. அத்தை என்றால் முடிவு சொன்ன மாதிரி ஆகிவிடும். அம்மா என்றால் பொய். "இந்தாங்க" என்று டம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன்.

கடற்கரை வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். சவுக்குத் தோப்பின் நிழலில் ஜமுக்காளம் விரித்தார்கள். அப்பா கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது என்றார். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு படுத்தார். அண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டு ஓடிப்போய் விழுந்தான். பையன் கொஞ்சம் தள்ளி, முழங்காலைக் கட்டிக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடி இருந்தார். வேறு எவருக்கும் அது நிம்மதியான பகல்தான். வெயில் உறைக்கவில்லை, காற்று நிற்கவில்லை, யாரும் யாரையும் வேலை ஏவவில்லை.

எனக்கு உட்கார முடியவில்லை. ஓர் அலை எங்கே நிற்கிறது என்று பார்த்து, அடுத்தது அங்கேயே நிற்குமா என்று பார்ப்பேன். நிற்காது. ஒன்று காலடி வரை வரும், அடுத்தது பாதியிலேயே திரும்பிவிடும், மூன்றாவது இரண்டையும் விழுங்கிக்கொண்டு மேலே ஏறும். எந்த அலையும் முன்னதைப் போல வரவில்லை. கட்டம் போட்ட தாளில் இதை வரையவே முடியாது என்று தோன்றியது. ஜமுக்காளத்தின் ஓரம் மடிந்திருந்தது; நிமிர்த்தினேன். அதன் மேல் மணல் ஏறியது, தட்டினேன். மறுபடியும் ஏறியது, மறுபடியும் தட்டினேன்.

"ஏம்மா, மண்ணு அது" என்றார் அவருடைய அம்மா. "தட்டத் தட்ட வந்துகினேதான் இருக்கும். செத்த உக்காரேன்."

உட்கார்ந்தேன். மகன் எழுந்து தண்ணீரோரமாக நடக்கத் தொடங்கினார். இதுதான் நேரம் என்று நானும் எழுந்து பின்னால் போனேன். பத்தடி போவதற்குள் அம்மா, "ஏய், பொடவ நனஞ்சிடப் போவுது" என்று கத்திக்கொண்டு வந்து சேர்ந்துகொண்டார். தூங்குகிறார் என்று நினைத்திருந்தேன். மூவரும் வரிசையாக நடந்தோம். அவர் ஒருமுறை திரும்பி, "கிளிஞ்சலு குத்தும், பாத்து வாங்க" என்றார், அம்மாவைப் பார்த்து.

மதியம் பசித்தது. அவருடைய அம்மாவும் சமைக்கவில்லை. "நீங்க சும்மா இருக்க நாங்க மட்டும் எப்டி சாப்பிடறது" என்று அவர்களும் வெறும் வயிற்றோடு இருந்தார்கள். ஒருவர் மரியாதைக்காக இன்னொருவர் என்று அத்தனை பேரும் பட்டினி. தூக்கு வாளியில் சுண்டல் விற்றுக்கொண்டு போன ஒரு கிழவரை அண்ணன் ஓடிப்போய் மறித்தான். சுண்டல் கடையில் வாங்கியது என்பதால் அது இரண்டு வீட்டுக் கணக்கிலும் வராது என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். வாளி காலியானது.

அதன் பிறகு பையன் என் பக்கத்திலேயே, ஒரு கை தூரத்தில், வந்து உட்கார்ந்தார். வாயைத் திறந்தேன். அந்தச் சமயம் பார்த்து அண்ணன் சொட்டச் சொட்ட வந்து எங்கள் நடுவே விழுந்தான்.

"யப்பா, கடல்ல நல்லா கை நனச்சிட்டேன். இது யாரு வூட்டுக் கணக்கு?"

"வாய மூட்றா" என்றார் அப்பா, திரும்பாமலே.

பையன் சிரித்தார். அப்போதுதான் அவர் பல்லைப் பார்த்தேன். முன்பல்லில் ஒன்று லேசாக மற்றதன் மேல் ஏறியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் கேள்வி போய்விட்டது. அம்மா கண்ணாலேயே, 'இன்னா?' என்று கேட்டார். உதட்டைப் பிதுக்கினேன். அண்ணன் வாய்விட்டே கேட்டான். "இன்னா பாப்பா, சாப்பிடறோமா, வண்டி ஏர்றோமா? சொல்லித் தொலையேன், பேஜாரா கீது." எல்லாருடைய வயிறும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நிலையில் எதைச் சொன்னாலும் அது பசிக்காகச் சொன்னதாகிவிடும் என்று பயந்தேன்.

வெயில் சாயத் தொடங்கியதும் படகுகள் கரைக்கு வந்தன. அவருடைய அம்மா கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அப்பா, "எதுக்கும்மா செலவு?" என்று இழுத்தார். "எங்க வூட்ல நாங்க மீன் வாங்கறதுக்கு இன்னாண்ணா?" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். மகனைக் கூப்பிட்டார். பிறகு என்னையும் கூப்பிட்டார். அம்மா எழப்போனபோது, "நீங்க இருங்க அண்ணி, நான் பாத்துக்கறேன்" என்று தடுத்துவிட்டார்.

படகுகளைச் சுற்றிக் கூட்டம். பெண்கள் மணலில் மீனைக் குவித்து வைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஆரணியில் எனக்குத் தெரிந்த மீன் ஐஸிலிருந்து வருவது. கண் மங்கி, தெரு முனையிலேயே வாசனை தெரிந்துவிடும். மீன் என்றால் அப்படித்தான் என்று இருந்தேன். இங்கே அந்த வாசனையே இல்லை. ஈரமான பாறையின் வாசனை மாதிரி ஒன்றுதான் இருந்தது.

மீன்காரப் பெண் அவரைப் பார்த்ததும், "இன்னா சார், ஐஸு வெக்காத மீனுகூட உங்களுக்கு அடையாளம் தெரியுமா?" என்றார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"அவனுக்கு மூட்ட மூட்டயா கணக்கு போடத் தெரியும். ஒரு மீன எடுக்கத் தெரியாது" என்றார் அவருடைய அம்மா. "போன வாரம் இவன அனுப்பி நான் பட்ட பாடு!"

மீன்காரப் பெண் இப்போது என்னைப் பார்த்தார். "யாரு இது, வூட்டுக்கு வரப்போற பொண்ணா?"

 அவருடைய அம்மா குந்தி உட்கார்ந்து, "கிழங்கான் இன்னா வெல? மொதல்ல அதச் சொல்லு" என்று பேரத்தைத் தொடங்கினார். அது சீக்கிரம் முடியக்கூடிய பேரமாகத் தெரியவில்லை. நாங்கள் இருவரும் ஒரு படகின் பக்கம் ஒதுங்கி நின்றோம்.

"ஒண்ணு கேக்கலாமாங்க?" என்றேன்.

"கேளுங்க."

"சம்மதம்னு சொன்னது நீங்களா, உங்க அம்மாவா?"

நாளெல்லாம் திருத்திய கேள்வி. சொல்லி முடிக்க ஒரு மூச்சுகூட ஆகவில்லை. அவர் படகின் விளிம்பில் காய்ந்திருந்த உப்பை நகத்தால் சுரண்டினார்.

"அம்மாதான் சொன்னாங்க. நான் இன்னும் எதுவும் சொல்லல." கொஞ்சம் பொறுத்து, "இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லணுமாம்" என்றார்.

பெரியப்பா மகளிடம் சொல்லப்பட்ட அதே வாக்கியத்தின் முதல் பாதி. ஆனால் இரண்டாம் பாதியை நான் எதிர்பார்க்கவில்லை.

"எனக்கும் சாயங்காலத்துக்குள்ளதான்" என்றேன். "எங்கப்பா என்னயே சொல்லச் சொல்லியிருக்காரு."

"நீங்களும் இன்னும் சொல்லலயா?"

"இல்ல."

அவர் தன் அம்மா இருந்த பக்கம் பார்த்தார். கூடையில் கிழங்கானோடு வஞ்சிரமும் விழுந்துகொண்டிருந்தது.

"அப்ப அது யாருக்கு?" என்றேன்.

"அது அம்மாவோட தைரியம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "நீங்க இன்னாத்துக்கு யோசிச்சிகினு இருக்கீங்க?" என்று கேட்டேன். அவருடைய அம்மா எழுந்துவிடப் போகிறார் என்ற அவசரத்தில் நேராகவே கேட்டேன்.

"உங்க மேஜைல பென்சில் எல்லாத்தையும் ஒரே ஒசரத்துக்குச் சீவி வெச்சிருந்தீங்க. கலர் டப்பால்லாம் வரிசையா நின்னுச்சி. எங்க வூட்டப் பாத்தீங்க இல்ல, செருப்புகூட ஜோடியா இருக்காது. அதான் கொஞ்சம் பயமா இருக்கு."

"செருப்ப நான் ஜோடி சேத்துடுவேன்."

"அதத்தான் சொல்றேன்."

அதற்குள் பேரம் முடிந்துவிட்டது. கூடையை அவர் வாங்கிக்கொண்டார். மூவரும் வீட்டுக்கு நடந்தோம். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் நிம்மதி வரவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. அது நல்லது. சம்மதமும் சொல்லவில்லை. காலையில் ஒருவர் மனசுதான் தெரியாமல் இருந்தது. இப்போது என்னுடையதையும் சேர்த்து இரண்டு பேர் மனசு. பயம் என்று ஒருவர் முகத்துக்கு நேராகச் சொன்னது தைரியமா, மறுப்பா என்று நடந்துகொண்டே இரண்டு முறை சரிபார்த்தேன். இரண்டு முறையும் வேறு வேறு விடை வந்தது.

கொல்லையில் குழம்பு கொதித்தது.  விளக்கு வைக்கும் நேரம் வந்ததும் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். என்னைப் பார்த்தார். பார்க்கக் கூடாது என்று அவரே சொன்னது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், சுவரைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லாததால், "அப்ப கெளம்பறோங்க" என்றார்.

அவருடைய அம்மா எவர்சில்வர் தட்டுகளோடு வந்தார். ஒவ்வொன்றிலும் வறுத்த மீன் துண்டுகள் மட்டும். சோறு இல்லை.

"இது சாப்பாடு இல்லண்ணா. பஜ்ஜி மாதிரி ஒரு பலகாரம். இதச் சாப்ட்டா கை நனச்சதா ஆவாது."

அப்பா யோசித்தார். "மீன எப்டிம்மா பலகாரம்னு..."

"எண்ணெயில போட்டு எடுத்தா பலகாரந்தான்" என்று அண்ணன் முதல் ஆளாக உட்கார்ந்துவிட்டான். அம்மாவும் உட்கார்ந்தார். செம்பில் தண்ணீர் வந்தது. எல்லாரும் கை கழுவினோம். அப்பா மட்டும் கழுவவில்லை. ஈரம் பட்டால் நனைத்ததாகிவிடும் என்று, மணலும் உப்புமாக இருந்த கையைத் துண்டில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, வஞ்சிரத் துண்டை எடுத்தார். அண்ணன் என்னை முழங்கையால் இடித்தான். அவருடைய அம்மா சிரிப்பை மறைக்கக் கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

மீன் சூடாக இருந்தது. மேலே மொறுமொறுப்பு, உள்ளே வெள்ளை வெளேரென்று இதழ் இதழாகப் பிரிந்தது. தட்டுகள் காலியாகிக்கொண்டே வந்தன. அடுத்து என்ன என்பது எல்லாருக்கும் தெரியும். அவருடைய அம்மா சோற்றுப் பானையையும் குழம்புச் சட்டியையும் கொண்டுவந்து நடுவில் வைத்தார். கரண்டியை எடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு மகனைப் பார்த்தார்.

"என்னயே பாத்துகினு இருந்தா எப்டிம்மா" என்றார் அவர்.

"வேற யாரப் பாக்கறது? காலைல இருந்து இவங்க மூஞ்சியெல்லாம் பாத்துட்டேன். எல்லாரும் பொண்ணப் பாக்கறாங்க. பொண்ணு மண்ணத் தட்டிகினு கீது."

அவர் தட்டைப் பார்த்தார். காது சிவந்திருந்தது.  

"கொழம்பு ஆறுது" என்றார். "அவங்களுக்குச் சோறு போடும்மா."

அவ்வளவுதான் அவர் சொன்னது. அவருடைய அம்மா கரண்டி நிறையச் சோற்றை எடுத்து என் தட்டுக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தினார். வேண்டாம் என்றால் தட்டைக் கையால் மறைக்க வேண்டும். என் கை தட்டுக்குள்ளேயே, மீன் மசாலாவோடு இருந்தது. அம்மா மூச்சு விடுவது கேட்டது. அண்ணன் மெல்லுவதை நிறுத்தியிருந்தான். பசிக்காகவா, அவர் சொன்னதற்காகவா, பயம் என்று சொன்ன ஆளே எனக்கு முன்னால் வாயைத் திறந்துவிட்டதற்காகவா என்று பிரித்துப் பார்க்க முயன்றேன். பிரிக்க வரவில்லை. சரிபார்க்க நேரமும் இல்லை. கரண்டியில் சோறு ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

கையைத் தட்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

சோறு விழுந்தது. அப்பா எழுந்து முற்றத்துக்குப் போய், செம்புத் தண்ணீரை ஊற்றி, இரண்டு கையையும் நிதானமாகக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, "எனக்கும் போடும்மா" என்று தட்டை நகர்த்தினார்.

அதன்பிறகு எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். எந்த மாதம், யார் யாருக்குச் சொல்வது, சேத்துப்பட்டுச் சொந்தத்தை முதலில் கூப்பிடுவதா கடைசியிலா என்று. என் தட்டில் குழம்போடு ஒரு முழுக் கிழங்கான் கிடந்தது. அதை எங்கே தொடுவதென்று எனக்குத் தெரியவில்லை. முள்ளுக்குப் பயந்து விளிம்பிலேயே விரலால் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

"வாலுப் பக்கம் நடு முள்ளப் புடிச்சி இழுங்க" என்றார் அவர், என்னைப் பார்க்காமல். "மொத்தமா வந்துடும்."

இழுத்தேன். பாதியில் உடைந்தது.

"மொத தடவ அப்டித்தான்" என்றார்.

மீதிப் பாதி முள் மீனுக்குள்ளேதான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டே அடுத்த வாய்ச் சோற்றைப் பிசைந்தேன்.